மருந்துக்கு எதற்குக் கருப்பட்டி

திண்டுக்கல்லில் வெண்பன்றிக் கறி வாங்க வருகிறவனிடம் எவ்வளவு வேண்டும் என்று யாரும் முதலில் கேட்பதில்லை. யாருக்கு என்றுதான் கேட்பார்கள். ஆடு, கோழி, காடை, அயிரை மீன் எல்லாம் சாப்பாட்டில் சேர்த்தி. பன்றி மட்டும் மருந்தில் சேர்த்தி, அதுவும் ஒரே ஒரு நோய்க்கு. ‘மூலத்துக்குக் கைகண்டது’ என்று கடைப் பலகையிலேயே சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும். ஆகவே அந்த வாசலில் வண்டியை நிறுத்துகிறவன், தன் உடம்பின் அந்தரங்கமான ஒரு பகுதியைப் பற்றி ஊருக்கு அறிவிப்புக் கொடுத்துவிட்டுத்தான் கறி வாங்க முடியும்.

விக்னேஷ்குமார் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அறிவிப்புக் கொடுத்தான்.

“யாருக்குத் தம்பி? அப்பாவுக்கா?” என்றார் கடைக்காரர் ஒச்சப்பன்.

“எனக்குத்தாண்ணே.”

ஒச்சப்பன் கத்தியை நிறுத்தி, அவனை இடுப்புக்குக் கீழே ஒரு முறை பரிவோடு பார்த்தார். “இந்த வயசுலயேவா? பைக்குலயே சுத்துற வேலையோ?”

“ஆமாண்ணே.”

“அதான் சூடு. காரம் ஆகாது பாத்துக்கங்க. மஞ்சளும் உப்பும் போட்டு வேக வச்சு, மூச்சப் புடிச்சிக்கிட்டு முழுங்கிருங்க.”

“தோலும் கொழுப்பும் சேந்தாப்புல போடுங்கண்ணே.”

மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கப் போகிறவன் தோல், கொழுப்பு என்று பார்த்துக் கேட்க மாட்டான் என்பது ஒச்சப்பனுக்குத் தோன்றியிருக்கலாம். அவர் கறியைக் கறுப்புப் பையில் போட்டு, செய்தித்தாளில் சுற்றி, இன்னொரு கறுப்புப் பையில் இறக்கி முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். வேறு எந்தப் பொருளை இப்படிச் சுற்றி எடுத்துப் போனாலும் செக்போஸ்ட்டில் நிறுத்துவார்கள்.

விக்னேஷ்குமாருக்கு மூலம் கிடையாது. நாக்குதான் உண்டு. சொட்டுநீர்ப் பாசனக் குழாய் விற்கும் கம்பெனியில் சர்வீஸ் வேலை, நாகல் நகரில் மாடி வீடு, தனிக் குடித்தனம். ராத்திரிகளில் போனில் சமையல் வீடியோ பார்ப்பது அவனுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம். அப்படி ஒரு ராத்திரியில், வெள்ளைக்காரர் ஒருவர் பன்றிக்கறியின் மேல் ஏதோ மரத்துச் சாற்றைக் காய்ச்சிய பாகைத் தடவி, அலமாரி மாதிரி இருந்த அடுப்புக்குள் வைத்து மூடிவிட்டுச் சிரித்தார். வெளியே எடுத்தபோது கறி கண்ணாடி போட்டது போல மின்னியது. விக்னேஷ்குமாருக்கு அதன் பிறகு தூக்கம் வரவில்லை. அலமாரி அடுப்பு இல்லை, இரும்புச் சட்டி இருந்தது. அந்த மரம் இல்லை, பனையும் மரம்தானே என்று கருப்பட்டி வாங்கினான்.

குக்கரில் மிளகும் பூண்டும் போட்டுக் கறியை வேகவைத்தான். கருப்பட்டியைக் கரைத்து மண் போக வடிகட்டி, இஞ்சி தட்டிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, இரும்புச் சட்டியில் ஊற்றினான். வெந்த துண்டுகளை அதில் இறக்கித் தீயைக் குறைத்தான். இனிமேல்தான் வேலை. துண்டுகளைப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பாகு இறுகி இறுகிக் கறியோடு ஒட்டும். செத்த நேரம் முந்தினால் குழம்பு, செத்த நேரம் பிந்தினால் கரி.

துண்டுகள் சிவக்கத் தொடங்கியபோது போன் அடித்தது. பவித்ரா.

பவித்ரா நிலக்கோட்டைக்காரி. ஒரே பஸ்ஸில் போய் வந்து தொடங்கிய பழக்கம் இப்போது கல்யாணப் பேச்சு வரைக்கும் வந்திருந்தது. சாதி, ஜாதகம், சம்பளம் எல்லாம் தாண்டியாகிவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றுதான்: பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளை குடியிருக்கும் வீட்டைப் பார்ப்பது. அதில் தேறினால் தாம்பூலம். தேறாவிட்டால் பவித்ராவுக்கு ஒட்டன்சத்திரத்தில் ஒரு கமிஷன் மண்டிக்காரர் மகன் தயாராக இருந்தான். அவள் அப்பா அய்யனார் மல்லிகைப்பூ வியாபாரி. கூடையைத் திறக்காமலே, பூ காலையில் பறித்ததா முந்தின நாள் பறித்ததா என்று மூக்காலேயே சொல்லிவிடுவார். ஆனால் பயப்பட வேண்டியது அவருக்கு இல்லை. அந்த வீட்டில் பேசுகிறவர் அய்யனார், முடிவு செய்கிறவர் பவித்ராவின் அம்மா நாகஜோதி. போன வருடம் வந்த ஒரு மாப்பிள்ளையை, அவன் வீட்டுக் குடிதண்ணீர்க் குடத்துக்கு மூடி இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கழித்துக் கட்டியவர் அவர்.

“டேய், எங்க இருக்க?”

“வீட்லதான்.”

“அப்பாவும் அம்மாவும் திண்டுக்கல் வந்துட்டாங்கடா. பஸ் ஸ்டாண்ட்ல எறங்கி ஆட்டோ ஏறிட்டாங்களாம். சித்தி இப்பத்தான் சொல்லுது.”

“அடுத்த ஞாயித்துக்கெழமதானே வாரோம்னு சொன்னாக?”

“அதனாலதான் இந்த ஞாயித்துக்கெழம வாராங்க. சொன்ன நாளைக்குப் போனா எல்லா வீடும் சுத்தமாத்தான் இருக்கும்னு அம்மா சொல்லிருச்சாம். குடத்துக்கு மூடி இருக்கா?”

“இருக்கு.”

“துணிமணியெல்லாம் பீரோவுக்குள்ள தள்ளு. அடுப்புல என்ன?”

விக்னேஷ்குமார் சட்டியைப் பார்த்தான். சட்டி அவனைப் பார்த்துக் குமிழ் விட்டது.

“கறி.”

“என்ன கறி?”

“அது... ஞாயித்துக்கெழமக் கறி.”

“ஏலே, என்ன கறின்னு கேட்டேன்.”

“பன்னி.”

“எங்க வீட்ல அந்தப் பேரக் கூடச் சொல்ல மாட்டாங்கடா,” என்றாள் பவித்ரா, அழப் போகிற குரலில். “ரோட்டுல அந்தக் கடையத் தாண்டுனாலே அம்மா மூக்கப் பொத்திக்கும். தூக்கிப் போடுடா!”

“எங்க போட?”

“எங்கிட்டாவது!”

நல்ல யோசனை. ஆனால் மாடி வீட்டில் எங்கிட்டாவது என்று ஓர் இடம் இல்லை. ஜன்னலுக்குக் கீழே தெரு. தெருவில் ஆட்டோ வரப் போகிறது. பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினால் பாகு குழாயிலேயே இறுகிவிடும். கொதிக்கிற பாகோடு சட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்குகிறவனை எந்தப் பெண் வீட்டாரும் ஏற்க மாட்டார்கள். அவன் தட்டத்தைப் போட்டு மூடினான், தீயை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குக் குறைத்தான், கைக்கு வந்த ஊதுபத்தியையெல்லாம் கொளுத்திச் சுவரில் செருகினான். வீடு முழுக்க ஒரு கோயில் வாசனை கிளம்பி, கருப்பட்டி வாசனையோடு கைகோத்துக்கொண்டது.

கீழே ஆட்டோ நின்றது.

முதலில் ஏறி வந்தவர் நாகஜோதி. நெற்றியில் பெரிய குங்குமம், கையில் துணிப்பை, கண்ணில் தணிக்கை அதிகாரியின் அமைதி. பின்னால் அய்யனார், வெள்ளை வேட்டி சட்டையில், மூச்சு வாங்கிக்கொண்டு.

“வாங்க மாமா, வாங்கத்தே. சொல்லியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருப்பேன்ல.”

“இருக்கட்டும் தம்பி. இந்தப் பக்கம் ஒரு சோலியா வந்தோம்,” என்றார் அய்யனார். ‘மாப்ள’ இல்லை, ‘தம்பி’. விக்னேஷ்குமார் கவனித்துக்கொண்டான். தாம்பூலம் மாற்றும் வரைக்கும் அவர் வாயில் அந்தச் சொல் வராது என்று பவித்ரா சொல்லியிருந்தாள்.

நாகஜோதி குடத்தைப் பார்த்தார். மூடி இருந்தது. பீரோவைப் பார்த்தார். கதவு வழியாக ஒரு கால்சட்டையின் கால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை அவர் மன்னித்தது போலத்தான் தெரிந்தது.

அய்யனார் நாற்காலியில் உட்காரப் போனவர் பாதியில் நின்றார். மூக்கு ஒரு முறை சுருங்கி விரிந்தது. “கருப்பட்டிப் பாகா?”

“ஆமா மாமா. பொங்கல்.”

“ஞாயித்துக்கெழம என்ன பொங்கலு?” என்றார் நாகஜோதி.

“வேண்டுதல் அத்தே.”

“எந்தச் சாமிக்கு?”

“முருகனுக்கு.”

நாகஜோதி அவன் காலைப் பார்த்தார். “முருகனுக்குப் பொங்கல் வைக்கயில செருப்புப் போட்டுக்கிட்டா நிப்பீக?”

விக்னேஷ்குமார் குனிந்து பார்த்தான். நீல நிற ஹவாய் செருப்பு, இரண்டு காலிலும். பிறந்ததிலிருந்து அவன் இவ்வளவு துல்லியமாகப் பிடிபட்டதில்லை.

“பொங்கல் இல்லத்தே. கறிதான். சும்மா பாகுல பெரட்டியிருக்கேன். நீங்க சைவ நாளா இருந்தா என்னான்னு...”

“நாங்க ஞாயித்துக்கெழமயில என்னைக்குச் சைவம் சாப்புட்டோம்? என்ன கறி?”

“ஆடு.”

“இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? ஆக்குற பக்குவத்தப் பாத்தா ஆளத் தெரிஞ்சுக்கலாம். தட்ட எடுங்க. ரெண்டு துண்டு வாயில போட்டுட்டே போவோம்.”

“வேணாம் நாகு,” என்றார் அய்யனார் சட்டென்று.

“ஏன்?”

“வெயிலு.”

“வெயிலுக்கும் கறிக்கும் என்ன?”

அய்யனார் முகம் ஒரு மாதிரியாகிவிட்டிருந்தது. ஊதுபத்திக்கும் கருப்பட்டிக்கும் இஞ்சிக்கும் அடியில் அந்த மூக்கு எதையோ தோண்டி எடுத்துவிட்டது. விக்னேஷ்குமாருக்குப் புரிந்துவிட்டது. கண்டுபிடித்துவிட்டார். மனைவி முன்னால் சொல்ல வாய் கூசி நிற்கிறார். ஆட்டோவில் ஏறியதும் சொல்வார். ஒட்டன்சத்திரத்துக்குப் போன் போகும்.

அதை விடவும் மோசமான ஒன்று எதிரில் நின்றது. நாகஜோதி சமையல்கட்டு அலமாரியிலிருந்து தானே தட்டை எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில், பேரைக் கூடச் சொல்லாத அந்த வாய், ஆடு என்று நம்பி அதை மெல்லப் போகிறது. விக்னேஷ்குமார் சோம்பேறி, பொய்யன், ஊதுபத்திப் புகைக்குப் பின்னால் ஒளிகிறவன். எல்லாம் சரி. ஆனால் ஒருத்தரை ஏமாற்றி அவர் வேண்டாமென்று வைத்திருப்பதைத் தின்ன வைக்கிறவன் இல்லை. அது தனக்கே அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது. தெரிந்துகொள்ள இதை விட நல்ல நேரம் கிடைத்திருக்கலாம்.

“அத்தே, தட்ட வைங்க. அது ஆடு இல்ல.”

“பின்ன?”

“வெண்பன்றி.”

தட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் விற்றுக்கொண்டு போனார். இந்த ஊரில் பன்றி எங்கே மேய்ந்தது என்று தொடங்குகிற பேச்சு, சாப்பிட்டவன் எங்கே பிறந்தான் என்பதில்தான் போய் முடியும். அதற்குள் எதையாவது சொல்ல வேண்டும். அவன் வாய், தலையைக் கேட்காமல் ஒச்சப்பன் கடைப் பலகையை எடுத்து நீட்டியது.

“மருந்துக்கு அத்தே.”

“எதுக்கு மருந்து?”

“மூலத்துக்கு.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. பெண் கொடுக்க வந்தவர்களிடம் மாப்பிள்ளையே சொல்கிறான், எனக்கு மூலம் என்று.

நாகஜோதி அவனை ஏற இறங்கப் பார்த்தார். “ரொம்ப நாளாவா?”

“கொஞ்ச நாளா.”

“உக்காந்தா வலிக்குமோ?”

எப்போது உட்கார்ந்தோம் என்று தெரியாமலே சமையல்கட்டு மேடையில் சாய்ந்து உட்கார்ந்திருந்த விக்னேஷ்குமார் அவசரமாக எழுந்து நின்றான். நாகஜோதி தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு தட்டைக் கீழே வைத்து, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் சட்டியை மூடியிருந்த தட்டத்தைத் தூக்கினார்.

ஆவி மேலே போனதும் கறி தெரிந்தது. ஒவ்வொரு துண்டும் மாந்தளிர் நிறத்தில், பளபளவென்று, ஓரத்தில் பாகு நூல் விட்டுக்கொண்டு. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் மேலே தூவ வறுத்த எள். நோயாளிக்கு இவ்வளவு அலங்காரம் எந்த ஆஸ்பத்திரியிலும் நடக்காது.

“தம்பி,” என்றார் நாகஜோதி, தலைப்புக்குள்ளிருந்து. “மருந்துக்கு எதுக்குக் கருப்பட்டி?”

“கசப்புத் தெரியாம இருக்கத்தே.”

“அது என்னைக்குக் கசந்துச்சு? யார்ட்டச் சொல்றீக? வருசக்கணக்கா இந்தா இவருக்கு நான்தான ஆக்கிப் போடுறேன்.”

நாற்காலியில் அய்யனார் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

“புள்ளைகளுக்குக் கூடத் தெரியாம,” என்றார் நாகஜோதி. “கொல்லையில தனி அடுப்பு, தனிச் சட்டி. மூக்குல துணியக் கட்டிக்கிட்டு மஞ்சளும் உப்பும் போட்டு வேக வச்சு எறக்கிட்டு, தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டுத்தான் வீட்டுக்குள்ள வருவேன். அது மருந்து. இதுல இஞ்சி இருக்கு, எலுமிச்ச இருக்கு. எள்ளு வேற வறுத்து வச்சிருக்கு. எந்த வைத்தியன் எள்ளு தூவச் சொன்னான்?”

விக்னேஷ்குமார் கணக்குப் பார்த்தான். நோயாளி என்றால் பெண் கிடைக்காது. ருசிக்காகத் தின்கிறவன் என்றாலும் கிடைக்காது. எந்தக் கதவும் திறக்கப் போவதில்லை என்று தெரிந்த பிறகு, நிற்கிற இடத்திலேயே நிமிர்ந்து நிற்கலாம்.

“எனக்கு ஒரு நோயும் இல்லத்தே. நல்லா இருக்கேன். ருசிக்குத்தான் ஆக்குனேன். பொங்கல்னு சொன்னது பொய். ஆடுன்னு சொன்னது பொய். மூலம்னு சொன்னதும் பொய்.”

“அப்ப எதுதான் நெசம்?”

“கறி மட்டுந்தான் நெசம்.”

நாகஜோதி தட்டத்தைக் கையில் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபமா, அருவருப்பா, வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டிய வார்த்தையைத் தேடுகிறாரா, தலைப்பு மறைத்திருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. பவித்ராவிடம் என்ன சொல்வது என்று அவன் யோசித்தான். ஒட்டன்சத்திரத்துக்காரனுக்குக் குடத்துக்கு மூடி இருக்குமா என்றும் யோசித்தான். யாரும் சட்டியைக் கவனிக்கவில்லை.

ஒருவரைத் தவிர.

“மாப்ள, பாகு கரியுது!”

அய்யனார் நாற்காலியிலிருந்து எழுந்து வந்ததை யாரும் பார்க்கவில்லை. பார்த்தபோது அவர் அடுப்பு முன்னால் நின்றிருந்தார். ஒரு கையால் தீயை அணைத்தார், மறு கையால் கரண்டியை எடுத்தார், சொம்பிலிருந்து இரண்டு விரலால் தண்ணீர் தெளித்தார், சட்டியை அசைத்து அசைத்துத் துண்டுகளைப் புரட்டினார். சுர்ரென்று ஆவி எழுந்து அடங்கியது. அடியில் கொஞ்சம் பிடித்திருந்தது, மேலே பிழைத்துக்கொண்டது. அவர் பெருமூச்சு விட்டு, கரண்டியின் ஓரத்தில் இருந்ததைச் சுண்டு விரலால் வழித்து நாக்கில் வைத்தார். அது பழக்கத்தில் நடந்தது. கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

“அடேங்கப்பா,” என்றார். “இம்புட்டு நாளா...”

அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

“இம்புட்டு நாளா?” என்றார் நாகஜோதி.

“ஒன்னுமில்ல.”

நாகஜோதி தட்டத்தைச் சத்தமில்லாமல் மேடையில் வைத்தார். மூக்கிலிருந்து தலைப்பை எடுத்தார். “ஏங்க, உங்களுக்கு இப்ப எப்படி இருக்கு?”

“எது?”

அந்த ஒரு சொல் சமையல்கட்டின் நடுவில் நின்றது. அய்யனார் அதைத் திரும்ப எடுத்து விழுங்கப் பார்த்தார், முடியவில்லை.

“எதுவா?” என்றார் நாகஜோதி. “எந்த நோய்க்கு நான் கொல்லையில பொகையில வேகுறேனோ, அது.”

“அது... இப்ப கொஞ்சம் தேவல.”

“எப்பருந்து?”

அய்யனார் விக்னேஷ்குமாரைப் பார்த்தார். உதவி கேட்கிற பார்வை. விக்னேஷ்குமார் எள் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டான். இன்றைக்கு அவன் சொல்ல வேண்டிய பொய்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன.

“பவித்ரா காலேஜ் சேந்தால்ல, அந்த வாக்குல நின்னு போச்சு.”

“அவ படிச்சு முடிச்சு, வேலைக்குப் போயி, கல்யாணத்துக்கு நிக்கிறா.”

“திரும்ப வந்துருமோன்னு ஒரு பயம் நாகு.”

“பயந்தவரு மூச்சப் புடிச்சில்ல முழுங்கணும்? நீங்க எலும்ப உறிஞ்சுனத நானும் பாத்தேன். நோயாளிக்கு அம்புட்டு அக்கறைன்னு நெனச்சேன்.”

நாகஜோதி கூடத்துக்குப் போய், குடத்து மூடியைத் திறந்து, ஒரு சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தார். ஆண்கள் இருவரும் சமையல்கட்டில் தோளோடு தோள் நின்றார்கள். சம்பந்தம் ஆகலாமா கூடாதா என்று முடிவாகாத இரண்டு பேர் அவ்வளவு நெருக்கமாக நிற்பது வழக்கமில்லை.

“வேணாம்னுருவாளோ?” என்று முணுமுணுத்தார் அய்யனார்.

“எது மாமா, என்னையவா?”

“ஒன்னைய இல்லப்பு. என்னைய.”

நாகஜோதி நாற்காலியில் உட்கார்ந்தார். “ரெண்டு பேரும் இங்கிட்டு வாங்க.”

வந்தார்கள்.

“தம்பி, வந்ததுல இருந்து நீங்க வாயத் தொறந்தா பொய்தான். பொங்கலு, ஆடு, நோயி. ஒன்னையாச்சும் ஒழுங்கா நிக்க வைக்கத் தெரிஞ்சுச்சா? நான் தட்டக் கழுவுனதும் தாங்க மாட்டாமக் கொட்டிட்டீக.”

“ஆமாத்தே.”

“இவரு ஒன்னே ஒன்னுதான் சொன்னாரு. அதக் கட்டிக் காப்பாத்தி, மாசம் தவறாம என்னைய மூக்குல துணி கட்டி நிக்க வச்சாரு. வேணும்னு ஆசையாக் கேட்டிருந்தா ரெண்டு வசவு வஞ்சிட்டு ஆக்கிப் போட்டிருப்பேன். நோயின்னதும் நான் சாமிக்கெல்லாம் நேந்துக்கிட்டேன்.” அவர் குரல் அந்த இடத்தில் ஒரு தடவை உடைந்து, உடனே சேர்ந்துகொண்டது. “எம்மகளுக்கு அம்புட்டுக் கெட்டிக்காரன் வேணாம். பொய்யி நிக்காதவனே போதும்.”

விக்னேஷ்குமாருக்கு முதலில் புரியவில்லை. அய்யனாரின் முழங்கை விலாவில் இடித்தபோது புரிந்தது.

“அத்தே...”

“இன்னும் முடிக்கல. எம்மக மூக்குல துணி கட்ட மாட்டா. வேணும்ங்கிறவன் ஆக்கணும், ஆக்குனவன் தேய்க்கணும். அவ தின்னா திம்பா, இல்லன்னா ரசம் வச்சுக்குவா. அதுக்கு ஒரு பேச்சுப் பேசக் கூடாது.”

“சரித்தே.”

“வெள்ளிக்கெழம நல்ல நாளான்னு பாத்துச் சொல்றோம். இப்பச் சாப்புடுங்க. ஆறிப் போகும். தட்டு ஒன்னு போதும்.”

அய்யனார் நிமிர்ந்தார். “ஒன்னா?”

“உங்களுக்குத்தான் சரியாப் போச்சே,” என்றார் நாகஜோதி.

விக்னேஷ்குமார் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டான். எதிரில் நாற்காலியில் வருங்கால மாமியார். பக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற வருங்கால மாமனார், ஒவ்வொரு துண்டும் தட்டிலிருந்து வாய்க்குப் போகும் வழி முழுவதும் கண்ணாலேயே கூடப் போய் வந்தார். கறி மெத்தென்று இருந்ததா, பாகு பதமா என்று விக்னேஷ்குமாரைக் கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

தட்டு காலியானதும் போன் அடித்தது. எச்சில் கையோடு சமையல்கட்டு வாசலுக்கு ஒதுங்கி எடுத்தான்.

“என்னடா ஆச்சு? போயிட்டாங்களா? அப்பா என்ன சொன்னாரு?” பவித்ரா ஒரே மூச்சில் கேட்டாள். “ஏன் சத்தமே இல்ல? அப்பா என்னடா பண்றாரு?”

விக்னேஷ்குமார் திரும்பிப் பார்த்தான். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குழாயடியில் குந்தியிருந்தார் அய்யனார். இரும்புச் சட்டியின் அடியில் கரிந்துபோன பாகைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் நாகஜோதி நின்றார்.

“சட்டி தேய்க்கிறாரு.”

“என்னது?”

“இரு, அத்தே என்னமோ சொல்றாக,” என்றான் விக்னேஷ்குமார். “ஓரத்துல இன்னும் ஒட்டியிருக்காம்.”